உப்புத் தங்காத பிள்ளை

ஆகிலாவைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் கல்முனைக்குடியில் எங்கள் ஒழுங்கையே சொல்லும். பக்கத்து வளவுக்காரி என்ற உரிமையில் நானும் சொல்லியிருக்கிறேன். இடி முழங்கினால் தையல் மெஷினின் வயரைப் பிடுங்கிவிட்டு மூலையில் குந்திவிடுவாள். கடல் கொஞ்சம் கூடுதலாக இரைந்தால் அன்றைக்கு அவள் வீட்டில் சோறு ஆக்கியபடியே கிடக்கும். ஒரு நாளைக்கு எத்தனை பயம் பயப்படுவாய் என்று நான் பகிடி பண்ணுவேன். அவளும் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள்.

ஆனால் ஊரே கைகட்டிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தில் அவள் ஒருத்திதான் சரியாகப் பயந்தாள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அபாயா தைப்பதுதான் அவளுக்குத் தொழில். கை ஓரத்தில் கல் பதிப்பாள், பெருநாள் காலத்தில் வாசல் நிறையப் பெண்கள் நிற்பார்கள். புருஷன் ஸஜாத் ஆழ்கடல் படகுக்குப் போகிறவன். போனால் கிழமைக் கணக்கில் கடல்தான். கரையைத் தாண்டிவிட்டால் ஃபோனும் எடுக்காது. அவன் ஆகிலாவுக்குச் சொந்த மாமி மகன். ஆகிலாவின் வாப்பா றஊபும் ஸஜாதின் உம்மா ஸகியாவும் கூடப்பிறந்தவர்கள்.

வெளியூர்க்காரருக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் குடி என்று ஒன்று உண்டு. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. வாப்பாவின் குடி வாப்பாவோடு முடிந்தது. ஒரே குடிக்காரர் உடன்பிறப்பு மாதிரி, அவர்களுக்குள் கட்டமாட்டார்கள். குடி வேறென்றால் தாராளமாகக் கட்டலாம். ஸஜாத் அவனுடைய உம்மாவின் குடி, ஆகிலா அவளுடைய உம்மாவின் குடி. இரண்டும் வேறு வேறு. ஊர்க்கணக்கில் இதைவிடப் பொருத்தமான கலியாணம் கிடையாது. இரத்தம் உம்மா வழியில்தான் இறங்கும் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்களோ தெரியாது. படித்தவர், படிக்காதவர், பள்ளிவாசல் மரைக்கார் எல்லோரும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தோம்.

முதல் பிள்ளை ஆண். பிறந்தபோது ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் கறுவல், அவ்வளவுதான். ஒரு கிழமை போனதும் பாலைக் கக்கத் தொடங்கினான். பிறகு குடிப்பதையே விட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிருமி என்றார்கள், சேலைன் ஏற்றினார்கள். இரண்டு கிழமை முடிவதற்குள் மௌத்தாகிவிட்டான். ஸஜாத் கடலில் இருந்தான். அவன் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மண்ணும் காய்ந்துவிட்டது. படகில் போட்டிருந்த உடுப்போடேயே மையவாடிக்குப் போய் "எதுகா எண்ட மகண்ட இடம்?" என்று மச்சினனிடம் கேட்டானாம்.

ஊர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. நாவூறு என்றது, பால் சேரவில்லை என்றது, அல்லாஹ்வின் நாட்டம் என்றது. கடைசிச் சொல்லுக்கு மேல் யாரும் கதைக்க முடியாது, அதனால் கதை அதோடு நின்றது. ஆகிலா மட்டும் நிறுத்தவில்லை. துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது கத்தரிக்கோலை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

"ராத்தா, அவன் பால் குடிக்க மறந்த மாதிரி இருந்தான். பசிச்ச புள்ள எப்பிடி மறக்கும்?"

பதில் தெரியாததை மறைக்க "அதையே நினைச்சிட்டு இரிக்காத புள்ள" என்று அதட்டுவேன்.

மறுபடி வயிற்றில் உண்டானபோது அவள் யாருக்கும் சொல்லவில்லை. தெரிய வந்த பிறகும் ஒரு சின்னச் சட்டைகூடத் தைக்கவில்லை. ஊருக்கெல்லாம் தைக்கிறவள் தன் பிள்ளைக்குத் தைக்கப் பயந்தாள். கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். எங்கள் பகுதி மிட்வைஃப் நபீலா நல்ல பிள்ளை, பொறுமையாகத்தான் எல்லாம் கேட்பாள்.

"இரத்த உறவுக்குள்ள கலியாணமா?"

"இல்ல மிஸ். வேற குடி."

நபீலாவும் எங்கள் ஊர்தானே. அந்தப் பதில் அவளுக்குப் போதும். அவளும் தன் மாமி மகனைத்தான் கட்டியிருக்கிறாள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். ஒருவரும் பொய் சொல்லவில்லை, அதுதான் இதில் பயங்கரம்.

இரண்டாவதும் ஆண். மாமி ஸகியா தஸ்பீஹ் மணியும் கையுமாக ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதா. ஸஜாத் இந்த முறை படகுக்குப் போகாமல் கரையிலேயே காத்துக் கிடந்தான். தலைமுடி களைந்து, பேர் வைத்து, ஆடு அறுத்து, எல்லாம் முடிந்தது. பேர் அம்ஹர். பிள்ளை நன்றாகக் குடித்தான், நன்றாக அழுதான். படகுச் சொந்தக்காரர் ஷரிபுதீன் இரண்டு தரம் ஆள் அனுப்பினார். "போயிட்டு வா மனே, நான் இரிக்கன்தானே" என்று ஸகியாதான் மகனை அனுப்பிவைத்தா. ஆகிலா வாசல் வரைக்கும் வந்தாள். அவன் போன பிறகு கதவில் சாய்ந்துகொண்டு அப்படியே நின்றாள்.

சில நாள் கழித்து ஒரு முற்பகல், நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய தலை தெரிந்தது. முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

"ராத்தா, இவனும் மறக்கான்."

மீனை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பிள்ளை தொட்டிலில் கிடந்தான். காலையில் இரண்டு தரம் கக்கியிருக்கிறான். மார்பில் வைத்தால் வாயைத் திறக்கிறான், இழுக்கவில்லை. மூத்திரம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளினபடியே நிற்கிறது. ஆகிலா துணியை விலக்கிக் காட்டினாள். முகத்தைவிட இடுப்புக்குக் கீழே அரைப்பக்கம் நல்ல கறுப்பு, மைக் கறுப்பு.

"மூத்தவனுக்கும் இப்பிடித்தான் இருந்தது. குளிப்பாட்டேக்க பார்த்தன்."

"கறுத்தா என்ன, வாப்பாவப் போல" என்று மாமி குறுக்கே வந்தா. "புள்ளையெண்டா கக்கத்தான் செய்யும். லெப்பையக் கூப்பிட்டுத் தண்ணி ஓதி எடுப்பம்."

ஆகிலா அதுவரைக்கும் மாமிக்கு எதிர்த்துக் கதைத்ததை நான் கண்டதில்லை. அன்றைக்கும் கதைக்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் ஒழுங்கையில் இறங்கி நடந்தாள். முச்சக்கரவண்டியை மறித்து நான் ஏறினேன். பின்னாலேயே வேர்க்க விறுவிறுக்க மாமியும் ஓடிவந்து ஏறினா.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டுக்கு ஒரு புது டொக்டர் வந்திருந்தா. வவுனியாப் பக்கம். வயசு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. பிள்ளையைக் கண்டதும் கையை வைத்தா. கையில் நரம்பு அகப்படவில்லை, காலில் அகப்படவில்லை. இரண்டு தாதிமார் குனிந்து நின்றார்கள். குத்தும்போது பிள்ளை அழவில்லை. ஊசி குத்தினால் அழாத பிள்ளையை நான் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன், அது இவனுடைய காக்கா, அந்த மூத்தவன்.

"முதல் பிள்ளை எங்கே?"

"மௌத்து, டொக்டர். இவண்ட வயசிலதான்."

டொக்டர் நிமிர்ந்தா. "என்ன வருத்தம் எண்டு சொன்னவை?"

"கிருமியாம்."

"நீங்கள் இரத்தச் சொந்தத்துக்குள்ள முடிச்சனீங்களோ?"

"இல்ல, டொக்டர். வேற குடி."

நானும் தலையாட்டினேன், மாமியும் ஆட்டினா. மூன்று பேர் சேர்ந்து ஆட்டினால் யார்தான் சந்தேகப்படுவார்கள். குடி என்றால் என்னவென்று டொக்டர் கேட்கவில்லை. கேட்க நேரமும் இருக்கவில்லை.

கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். இரத்தத்தைச் சோதனைக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். ஆகிலா அழவில்லை. தன் கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஊசி குத்தித் தழும்பேறிய விரல்கள். "ராத்தா, உள்ளுக்கு அவன்ட சத்தம் கேக்குதா?" என்று கேட்பாள். நான் கேட்கிறது என்பேன். உண்மையில் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே யார் செருப்புச் சத்தத்தோடு வேகமாக நடந்தாலும் நான் கதவைப் பார்த்து எழும்பினேன். மாமி வாயில் ஓதல் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் வரவர உயர்ந்தது.

சோதனை வந்தது. டொக்டர் தாதியிடம் கதைப்பது கதவுப் பக்கம் எங்களுக்குக் கேட்டது. இரத்தத்தில் உப்பு நன்றாகக் குறைந்திருக்கிறதாம், பொட்டாசியம் கூடியிருக்கிறதாம். பிழிந்து எடுத்த இரத்தத்தில் அப்படிப் பிழையாகவும் காட்டுமாம். திரும்ப எடுத்துப் பார்ப்பதா, பார்க்கிற நேரம் வரைக்கும் பிள்ளை தாங்குமா என்றுதான் கதை. தாங்குமா என்ற சொல் காதில் விழுந்ததும் மாமி எழும்பிப் போய் டொக்டரின் கையைப் பிடித்துவிட்டா.

"டொக்டர், நான் எண்ட தம்பிர மகளுக்கு என்ன பதில் சொல்லுவன்? இவட வாப்பா எண்ட கூடப்பிறந்த தம்பி. எண்ட மகனுக்கு இவளக் கேட்டு எடுத்ததே நான்தான்."

டொக்டர் கையை இழுக்கவில்லை. மாமியையும் ஆகிலாவையும் மாறி மாறிப் பார்த்தா.

"கொஞ்சம் பொறுங்கோ. இவ உங்கட மருமகளோ, தம்பியின்ர மகளோ?"

"ரெண்டும்தான், டொக்டர்."

"அப்ப புருஷன் இவவின்ர வாப்பாவுக்கு அக்கா மகன்?"

"ஓம்."

"இப்பதானே சொந்தமில்லை எண்டனீங்கள்."

"சொந்தம்தான். இரத்தம் வேற. அவள் வேற குடி, டொக்டர்" என்றா மாமி, பாடம் சொல்லிக் கொடுப்பவள் மாதிரி.

டொக்டர் அதற்குமேல் நிற்கவில்லை. திரும்பி ஓடினா. அப்படி ஒரு டொக்டர் ஓடி நான் கண்டதில்லை. உள்ளே ஏதோ ஊசி மருந்தின் பேரைச் சொன்னா, சேலைனை மாற்றச் சொன்னா. கதவு மூடிக்கொண்டது. ஆகிலா என் கையைப் பிடித்தாள். அவளுடைய நகம் என் தோலில் இறங்கியது, நான் எடுக்கச் சொல்லவில்லை. என்ன நடந்தது, எங்கள் வாயில் இருந்து எந்தச் சொல் போய் அந்த டொக்டரை ஓட வைத்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை. விளங்காத பயம்தான் பெரிய பயம்.

பொழுது சாயும் நேரம் தாதி கதவைத் திறந்து ஆகிலாவைக் கூப்பிட்டா. பிள்ளை கண் திறந்திருந்தான். மார்பில் வைத்ததும் இழுத்தான், மெல்லத்தான், ஆனால் இழுத்தான். ஆகிலா அப்போதுதான் அழுதாள். கண்ணீர் பிள்ளையின் நெற்றியில் விழ விழ அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

டொக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்களுக்கு முன்னால் இருந்தா. சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம். உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கிற ஹோமோனை அதுதான் செய்கிறதாம். அதைச் செய்வதற்கு ஒரு புரதம் வேண்டும், அந்தப் புரதத்தை எப்படிக் கட்டுவது என்பது மரபணுவில் இருக்கிறது. இந்தப் பிள்ளையின் மரபணுவில் அது பழுது. உப்பு முழுக்க மூத்திரத்தோடு போய்விட்டது.

"நீங்கள் என்ன வேலை?" என்று ஆகிலாவைக் கேட்டா.

"தைக்கிற, டொக்டர்."

"துணி வெட்டுறதுக்கு அளவுக் கடதாசி வச்சிருப்பீங்கள்தானே. மரபணுவும் அப்பிடித்தான், எல்லாருக்கும் ஒவ்வொரு கடதாசியிலயும் ரெண்டு இருக்கு. ஒண்டு அம்மா தந்தது, ஒண்டு அப்பா தந்தது. ஒண்டு கிழிஞ்சாலும் மற்றதை வச்சு வெட்டலாம். உங்களிட்ட ஒண்டு கிழிஞ்சிருக்கு, புருஷனிட்ட ஒண்டு கிழிஞ்சிருக்கு. அதால உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிள்ளைக்குக் கிடைச்சது ரெண்டும் கிழிஞ்சது."

"வயித்துக்குள்ள நல்லா இருந்தானே?"

"வயித்துக்குள்ள உப்பைச் சரிக்கட்டினது உங்கட உடம்பு. பிறந்த பிறகுதான் அவன் தனிச்சவன். பெண் பிள்ளையா இருந்தா, வயித்துக்குள்ளேயே உடம்பு ஆம்பிளைப் பக்கமாகத் திரும்பி உருவாகியிருக்கும், பிறந்த அண்டைக்கே நாங்கள் பிடிச்சிருப்பம். ஆம்பிளைப் பிள்ளையில வெளியில ஒண்டும் தெரியாது. சொந்தத்துக்குள்ள கலியாணம், முதல் பிள்ளையும் இப்பிடிப் போனது எண்டு சொன்னாத்தான் எங்களுக்கு யோசனை ஓடும்."

மாமி இன்னும் விடவில்லை. "உம்மா வழியில வேற வேறதானே, டொக்டர்."

"மரபணுவுக்குக் குடி தெரியாது அம்மா. அப்பா வழியாலயும் அதேயளவுதான் வரும். உங்கட அம்மாவிட்டயோ அப்பாவிட்டயோ இருந்த ஒரு கிழிசல் உங்களிட்டயும் வந்தது, தம்பியிட்டயும் போனது. நீங்கள் மகனுக்குக் குடுத்தீங்கள், தம்பி மகளுக்குக் குடுத்தார். ஆரிலயும் பிழையில்லை."

பிழையில்லை என்ற சொல் மாமியின் காதில் ஏறவே இல்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சுவரைப் பிடித்தபடி கீழே இருந்துவிட்டா. எனக்கு மாமியிடம் கோபம் கோபமாக வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆகிலா பிள்ளையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மூத்தவனுக்கும் இதா?"

"இப்ப சோதிக்க ஏலாது. நீங்கள் சொல்றதைப் பார்த்தா இதாத்தான் இருக்கும்."

"அப்பவும் இந்த மருந்து இருந்திச்சா?"

டொக்டர் பொய் சொல்லாமல் "இருந்தது" என்றா.

கொழும்புக்கு அனுப்பிய இரத்தமும் அதையேதான் சொல்லும் என்றார்கள். உயிருள்ளவரைக்கும் மருந்துக் குளிசை. காய்ச்சல் வந்தால் கூட்டிக் கொடுக்க வேண்டும், கக்கினால் ஊசிக்கு ஓட வேண்டும், ஒரு வேளையும் தவறக்கூடாது. இனி ஒரு பிள்ளை உண்டானாலும் நாலில் ஒரு பங்கு இதே பயம்தான். ஆகிலா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பயம் அவளுக்குப் புதிதில்லை, ஆனால் இப்போது அதற்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது.

இனி ஸஜாதுக்கு அறிவிக்க வேண்டும். பிள்ளையைக் கொண்டுபோன அன்றே ஆகிலாவின் வாப்பா றஊப் பதறிப்போய் ஷரிபுதீனிடம் சொல்லியிருக்கிறார். ஷரிபுதீன் படகுக்கு ரேடியோவில் சேதி கொடுத்துவிட்டார், "பிள்ளைக்குச் சுகமில்லை, வா" என்று. இதைக் கேட்டதும் நான் தலையில் கை வைத்தேன். கடலில் நிற்கிறவனுக்கு எங்கள் ஊரில் மௌத்துச் சேதி சொல்வதில்லை. திகைத்துக் கடலில் விழுந்துவிடுவான் என்று சுகமில்லை என்றுதான் சொல்வார்கள். முதல் பிள்ளை மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அவனுக்குப் போன சேதியும் இதே சேதிதான், ஒரு எழுத்து மாறாமல். திரும்பச் சொல்ல ஆள் அனுப்பினோம். அதற்குள் படகு கரையை நோக்கித் திரும்பிவிட்டது, ரேடியோவில் ஆள் பிடிபடவில்லை. ஒரு மனுஷன் தன் இரண்டாவது பிள்ளையையும் புதைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு கடலில் வந்துகொண்டிருக்கிறான், எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லி ஓயும்போது ஆகிலாவின் ஃபோன் அடித்தது. கரை கிட்டி சிக்னல் எடுத்திருக்கிறது. அவள் காதில் வைத்தாள். அவன் ஸலாம்கூடச் சொல்லவில்லை. படகு இயந்திரத்தின் இரைச்சல் எனக்கே கேட்டது.

"மச்சான்?"

இரைச்சலுக்குள் அவனுடைய குரல் வந்தது, கிழவனின் குரல் மாதிரி.

"எங்க வச்ச?"

ஆகிலாவுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. அதை அவன் என்னவென்று எடுத்துக்கொள்வான் என்று நான் பயந்தேன். பிள்ளை வயிறு நிறையக் குடித்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். ஆகிலா ஃபோனை அவனுடைய வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். பிறகு அவனுடைய தொடையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள்.

பிள்ளை வார்டே திரும்பிப் பார்க்க வீரிட்டான். தாதி ஓடிவந்தா. ஆகிலா ஃபோனை எடுக்கவில்லை. அவன் அழுது முடியும்வரைக்கும் அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பக் காதில் வைத்தபோது அந்தப் பக்கமும் அழுகைதான். படகுக்காரர் யாரோ "என்னடா மனே, என்னடா" என்று கேட்பது கேட்டது. நெடுநேரம் கழித்துத்தான் ஸஜாதுக்குக் கதை வந்தது.

"என்ன வருத்தமாம்?"

"நம்மட வருத்தம்தான் மச்சான். ஒங்கள்ள பாதி, என்னில பாதி. குளிசை குடுத்தா இரிப்பானாம்."

அவன் அல்ஹம்துலில்லாஹ் என்றான். இரண்டு மூன்று தரம் சொன்னான். பிறகு குரல் மாறியது.

"அப்ப மூத்தவன்?"

ஆகிலா என்னைப் பார்த்தாள். அவளுக்காகப் பதில் சொல்ல அந்த வார்டில் ஒருவரும் இல்லை.

"அவனும் இதாலதான் மச்சான்" என்றாள். "மருந்து இருந்திரிக்கி."